புள்ளியிலை வேலி வீடு

என்னை மருமகனாக எடுத்துவிட்டு, அந்தப் பிழையை ஒரு நாளும் என் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டாத என் அன்பு மாமிக்கு,

சுதன் வந்துவிட்டான்.

இதைத்தான் முதல் வரியாக எழுத வேண்டும் என்று உங்கள் மகள் புவனம் கதிரைக்குப் பின்னால் நின்று சொன்னாள். என் யோசனை வேறு. ஊர்ப் புதினமெல்லாம் அளந்து, உங்களை நன்றாகக் காக்கவைத்து, கடைசியில் அவிழ்க்கலாம் என்று இருந்தேன். "செத்தவங்களயும் காக்க வைக்கணுமா? அம்மா அஞ்சு வருசம் வாசலப் பாத்துக்கொண்டு இருந்தது காணாதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. பேனையைத்தான் திறந்தேன்.

வந்துவிட்டான், மாமி. உங்கள் மகனுக்குக் கை கால் கண் எல்லாம் இருக்கின்றன. இடது காது கொஞ்சம் மந்தம். உங்களுடைய அதே நடை, ஒரு தோளைச் சரித்துக்கொண்டு. ஆனால் முழுக்க வந்துவிட்டானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்று வேலி ஓரத்தில் கிடக்கிறது. அதை இனி என்ன செய்வது என்று வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

இந்தக் கடிதம் நான் வழக்கமாகப் பகிடிக் கதை எழுதுகிற பத்திரிகையில் வரப்போகிறது. நம்முடைய வீட்டு வரிசையில் இருப்பவர்களும் வாசிப்பார்கள், நம்மைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சொன்ன கதையையே திருப்பிச் சொல்லுகிறவன் என்று உங்களுக்கு ஏற்கெனவே ஒரு குறை உண்டு. இன்னொரு தடவை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த காலத்தில் வான் பிடித்து நுவரெலியா போனோமே, அங்கே தொடங்கியது எல்லாம். குளிருக்காக நான் இரவல் வாங்கிப் போட்டிருந்த ஸ்வெட்டர் என் வயிற்றுக்குப் போதாமல் பாதியில் நின்றது. சுதனுக்கு அப்போது பதினான்கு வயது. நாங்கள் தங்கிய விடுதியின் வாசலோரம் அந்தச் செடி படர்ந்து கிடந்தது. வெற்றிலை போல இலை. பச்சையில் யாரோ சுண்ணாம்பைத் தெளித்துவிட்டது போல வெள்ளை, சில இலைகளில் ஓரத்தில் மெல்லிய ரோசா நிறம். நீங்கள் அதற்கு முன்னால் நின்ற நிலையைப் பார்த்து, கோயிலில்கூட மாமி இவ்வளவு நேரம் நின்றதில்லையே என்று நான் புவனத்திடம் சொன்னேன்.

தோட்டக்காரர் நல்ல மனிதர். "எடுத்துக்கங்கம்மா, ரெண்டு கொத்து ஒடச்சித் தர்றேன்" என்றார்.

"ஐயோ வேணாம் ஐயா, நான் சும்மா பாத்தனான்" என்றீர்கள்.

எனக்கு விளங்கவில்லை. வானுக்குத் திரும்பும்போது கேட்டேன். நீங்கள் சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னீர்கள்: "குடுத்த செடி, குடுத்தவங்கட முகத்தையே நினைச்சிக்கொண்டு நிக்கும் மருமகன். களவெடுத்த செடிதான் நம்மட வளவ நம்பி வளரும்." இந்தச் சட்டம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் மனப்பாடம். தோட்டக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து நீங்கள் சுதனை வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டு மறுபடியும் போனபோது, அந்த மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு, இல்லாத களையை எல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கொத்தை உடைத்து வந்து என்னிடம் நீட்டினீர்கள். "உங்கட சேட்டுக்க வையுங்க மருமகன். ஆம்பிளையள ஆரும் சோதிக்க மாட்டாங்க."

அந்தக் காலத்தில் இந்த நாட்டில் ஆம்பிளைகளைத் தவிர வேறு யாரைத்தான் சோதித்தார்கள்? அதன் பால் தோலில் பட்டால் கடிக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. வழி நெடுகச் சொறிந்துகொண்டே வந்தேன். சோதனைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்றபோதும் என் கை நிற்கவில்லை. ஆமிக்காரன் சேட்டைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன். சிவந்து தடித்த வயிறு, அதன்மேல் புள்ளி புள்ளியாய் ஒரு கொத்து இலை. அவன் துவக்கைத் தோளில் போட்டுவிட்டு ஓர் இலையைத் தடவிப் பார்த்தான். "லஸ்ஸனாய்" என்றான். அழகாயிருக்கிறது என்று அர்த்தம். வயிற்றையா இலையையா சொன்னான் என்று நீங்களும் சுதனும் மட்டக்களப்பு வருமட்டும் சிரித்தீர்கள்.

கடலோரம் நாவலடியில் இருந்த நம் வளவின் கிணற்றடியில் நட்டீர்கள். நட்டது ஒரு கொத்துத்தான். ஆறு மாதத்தில் எலுமிச்சங்கன்றைக் காணவில்லை. பிறகு உடுப்புத் தோய்க்கிற கல்லைக் காணவில்லை. மல்லிகைப் பந்தலில் மல்லிகை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நான் பிடித்து இழுப்பேன், அறுந்து வரும். அறுந்த ஒவ்வொரு துண்டிலிருந்தும் அடுத்த கிழமை ஒரு புதுக் குடும்பம் கிளம்பும். "மாமி, இது செடி இல்ல, குடியேற்றம்" என்றேன். "உங்களுக்கு வடிவா ஒண்டு வளந்தாப் பொறுக்காது" என்றீர்கள்.

ஒழுங்கையில், எங்கள் சின்னத் தெருவில், இருந்த பெண்களுக்கும் கண் விழுந்தது. கேட்டால் நீங்கள் கொடுப்பீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. நீங்களும் வேலிப்பக்கம் போய், "நான் கோயிலுக்குப் போறன், வர ஒரு மணித்தியாலம் செல்லும்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போவீர்கள். குசினிக்குள் நான் இருக்கிறேன் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவீர்கள். நான் சன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டு, எங்கள் வளவில் களவு முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களை யாரிடம் சொல்லி அழுவது? ஓட்டமாவடியிலிருந்து ஒரு நாள் சாப்பிட வந்த பாத்தும்மா ராத்தா, என்னோடு தபால் கந்தோரில் வேலை செய்த மஜீது காக்காவின் மனைவி, அவவும் போகும்போது முக்காட்டுக்குள் ஒரு கொத்தைக் கொண்டுபோனா. நான் கண்டேன். நீங்களும் கண்டீர்கள். இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்த வருடம் ஒரு பின்னேரம் ரியூசனுக்குப் போன சுதன் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் சைக்கிள் மட்டும் வந்தது. கூட்டிக்கொண்டு போனது யார் என்று அப்போதும் நாங்கள் சத்தமாகச் சொல்லவில்லை, இப்போதும் நான் எழுதவில்லை. நீங்கள் போகாத முகாம் இல்லை, நிற்காத வாசல் இல்லை. சண்டைக்கென்று வடக்கே வன்னிப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு கடல் வந்தது.

அந்த நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் நாங்கள் மூவரும் அமிர்தகழியில், சொந்தக்காரர் வீட்டில் பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போயிருந்தோம். அதனால் இருக்கிறோம். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் இல்லை. உங்களிடம் செடி களவெடுத்தவர்களில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். இதில் என்ன பகிடி சொல்ல? எனக்குத் தெரியாது, மாமி. அன்றிலிருந்து நான் அந்த ஒழுங்கையைப் பற்றிப் பகிடி எழுதியதில்லை.

நாங்கள் போய்ப் பார்த்தபோது கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. மற்றதெல்லாம் மண். நீங்கள் வேலிப் படலை இருந்த இடத்தை எப்படியோ கண்டுபிடித்து அதில் போய் நின்றீர்கள். வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை, நகையைப் பற்றி இல்லை. "இனி அவன் வந்தா எங்க வருவான்?" என்றுதான் கேட்டீர்கள்.

கூடாரத்தில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு வாவிக்கு இந்தப் பக்கம் சுனாமி வீட்டுத் திட்டத்துக்கு வந்தோம். வெளிநாட்டுக்காரர் நல்ல மனதோடு கட்டித்தந்த வீடுகள். அந்த நல்ல மனதில் ஒரே ஒரு வரைபடம்தான் இருந்தது போல. ஒரே நீலக் கதவு, ஒரே இரண்டு சன்னல், வரிசை வரிசையாக. குடிவந்த இரண்டாம் கிழமை நான் கந்தோரால் வந்து, சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டு, கதிரையில் சாய்ந்து, "தேத்தண்ணி கொண்டா" என்றேன். தேத்தண்ணீர் வந்தது. சீனி கூடவாக இருக்கிறதே என்று நிமிர்ந்தால், கொண்டுவந்தவ முதல் வரிசைக் கிளி அக்கா. "குடிச்சிட்டுப் போங்க தம்பி. நேத்து எங்கட இவரும் உங்கட வீட்டுலதான் குளிச்சவராம்" என்றா.

புவனம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கிடக்கிறது. நீங்கள் சிரிக்கவில்லை. "வீட்டில இரிக்கிற மனிசனுக்கே வீடு மாறுது. அவன் எப்பிடிக் கண்டுபிடிப்பான்?" என்றீர்கள்.

நான் தபால்காரன் புத்தியில் சொன்னேன். "மாமி, வீட்டுக்கு இலக்கம் இரிக்கி. வரிசைக்கு இலக்கம் இரிக்கி. அதச் சொல்லி அனுப்புவம்."

"உங்கட இலக்கம் பத்து வாய் மாறிப் போகேக்க பத்து இலக்கமாப் போகும். அவன் கண்ணால கண்ட ஒண்டு வேணும் மருமகன்."

மறுநாள் விடிய ஓட்டமாவடி பஸ்ஸில் என்னையும் ஏற்றினீர்கள்.

பாத்தும்மா ராத்தாவின் வீட்டு வாசலில் இறங்கியபோதே தெரிந்தது, நுவரெலியாவில் உடைத்த கொத்து அங்கே குர்பான் மாட்டுக்குக் கட்டிய கொட்டிலையே விழுங்கிவிட்டிருந்தது. ராத்தா ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடித்து அழுதா. அழுது முடிய, "வேணுமெண்டது எடுங்க தங்கச்சி. உங்கட செடிதானே?" என்றா.

"என்னத்துக்கு ராத்தா எனக்குச் செடி? உங்களப் பாக்கத்தான் வந்தன்" என்றீர்கள்.

ராத்தா உங்கள் முகத்தைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, உள்ளுக்கு வாங்க, காக்காட மூக்குக் கண்ணாடியக் காணல்ல, தேடித் தாங்க" என்றா. காக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மூவரும் சேர்ந்து அதைக் கால் மணித்தியாலம் தேடினோம்.

இந்த முறை சேட்டுக்குள் வைக்க நான் மறுத்துவிட்டேன்.

புது வீட்டு வேலியில் அது பிடித்தது. நீங்கள் செய்தி அனுப்பத் தொடங்கினீர்கள். வன்னிப் பக்கம் போகிற லொறிச் சாரதி, தன் பிள்ளையைத் தேடிப் போன ஒரு தாய், மாற்றலாகிப் போன ஒரு நேர்ஸ், யார் போனாலும் ஒரே விசளம்தான்: "சுதனக் கண்டாச் சொல்லுங்க. அம்மா சுனாமி வீட்டில இரிக்கிறா. புள்ளியிலை வேலி வீடு."

அந்த வேலைக்குள் நீங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. நான்தான் முதலில் கண்டேன். கிளி அக்காவின் வாசலில் ஒரு சட்டி நிறையப் புள்ளியிலை. அடுத்த கிழமை அதற்கடுத்த வீட்டில். ஓடிவந்து சொன்னேன். "மாமி, எல்லாரும் களவெடுக்கிறாங்க! வரிசை முழுக்க வந்திட்டு. உங்கட அடையாளம் போச்சு. நிப்பாட்டுங்க!"

உங்கள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். "நிப்பாட்ட ஏலா மருமகன்" என்றீர்கள். "களவெடுக்கிறவள மறிச்சா நம்மட செடி பட்டுப் போயிரும்."

நிறுத்தினால் செடி போகும், நிறுத்தாவிட்டால் அடையாளம் போகும். உங்கள் சட்டத்துக்குள் நீங்களே அகப்பட்டுக்கொண்டீர்கள். கடைசியில் ஒரு மத்தியானம், கிளி அக்கா சங்கக்கடைக்குப் போன நேரம் பார்த்து, அவவின் வளவுக்குள் புகுந்து அவ்வளவையும் இழுத்தெறிந்தீர்கள். அதுதான் நாங்கள் செய்த பெரிய மடத்தனம். நானும் கூட வந்து இழுத்தேனே! அறுந்த துண்டெல்லாம் மாரிக்கு முளைத்து, கிளி அக்காவின் வளவு உங்களுடையதைவிடச் செழிப்பாக வந்தது. "ஆரோ புண்ணியவான் கொத்திவிட்டிருக்கிறான் போல" என்று அவ என்னிடமே சொன்னா.

நீங்கள் படுக்கையில் விழுந்தபோது திட்டத்தில் புள்ளியிலை இல்லாத வேலி இல்லை. ஒரு நாள் என் கையைப் பிடித்தீர்கள். அதற்கு முன் நீங்கள் என் கையைப் பிடித்ததில்லை. "மருமகன், அவன் வருமட்டும் நம்மட வேலியில கை வைக்கப்படாது." நான் தலையாட்டினேன். "வாயால சொல்லுங்க" என்றீர்கள். சொன்னேன். அந்த மாரியோடு நீங்கள் போனீர்கள். அடுத்த மாரி வருமுன் சண்டையும் முடிந்தது.

முடிந்தது என்று தொலைக்காட்சியில் சொன்ன நாளில் எங்கள் வரிசையில் யாரும் வெளியே வந்து நின்று பேசவில்லை. சிலர் வெடி கொளுத்துகிற சத்தம் தூரத்தில் கேட்டது. புவனம் கதவைச் சாத்தினாள். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நானும் அவளும் பெயர்ப் பட்டியல்களைப் பார்த்தோம், மனு எழுதினோம். ஒரு நாள் புனர்வாழ்வு முகாமிலிருந்து ஒரு துண்டுக் கடிதம் பழைய நாவலடி விலாசத்துக்கு வந்து, அங்கே வீடே இல்லாமல், சுற்றித் திரிந்து என் மேசையிலேயே வந்து விழுந்தது. அவனுடைய எழுத்து. "அம்மாவுக்கு" என்று தொடங்கியிருந்தான். எந்த நாளில் விடுவார்கள் என்று தெரியாது என்று எழுதியிருந்தான். நான் பதில் எழுதினேன். இலக்கத்தோடு எழுதினேன். உங்களைப் பற்றி எழுத முயன்று மூன்று தாளைக் கிழித்தேன், பிறகு எழுதாமலே விட்டேன். அந்தப் பதில் போய்ச் சேருமுன்னே அவனை விட்டுவிட்டார்கள்.

மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்த மறு கிழமை, ஞாயிறு மத்தியானம். அவன் பஸ்ஸால் இறங்கி நேரே திட்டத்துக்குள் வந்திருக்கிறான். எந்தப் பக்கம் பார்த்தாலும் புள்ளியிலை. இதற்குப் பின் நடந்ததை நான் காணவில்லை, ஆனால் எங்கள் வரிசையில் எதையும் காணாமல் போவது கடினம். ஆளுக்கு ஆள் வந்து சொன்னார்கள்.

முதல் வேலி கிளி அக்காவுடையது. "பொன்னம்மாட வீடு இதா?" என்று உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கிளி அக்காவுக்கு நடையிலேயே தெரிந்துவிட்டது. "இரி மனே" என்று கதிரையைப் போட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, "இது இல்ல ராசா. அடுத்த வரிசை. புள்ளியிலை வேலி பாத்துப் போ" என்று அனுப்பிவிட்டா. நீங்கள் இல்லை என்று சொல்ல அவவுக்கு வாய் வரவில்லை.

அடுத்த வரிசையிலும் அதே கதை. ஒரு வீட்டில் சோறும் மீன் ஆணமும். இன்னொரு வீட்டில் மோர். ஒவ்வொருத்தியும் அவனைக் கண்டவுடன் அறிந்தாள், ஒவ்வொருத்தியும் "இது இல்ல மனே, அங்கால" என்றாள். எட்டாவது வாசலில் அவன், "ஏன் அக்கா எல்லா வேலியிலயும் இந்த இலை நிக்குது?" என்று கேட்டானாம். "உங்கம்மாட்டக் களவெடுத்ததுதான் ராசா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடிவிட்டாள். அனுப்பியவர்கள் யாரும் வீட்டிலும் நிற்கவில்லை. பத்தடி தள்ளிப் பின்னால் வந்துகொண்டே இருந்தார்கள்.

நான் இடுப்பில் சாறனோடு வேலியடியில் குந்தியிருந்தேன். மலசலகூடக் குழியின் மூடிக்குள் உங்கள் செடி இறங்கிவிட்டதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால், ஒழுங்கை முழுக்கப் பெண்கள், சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. நடுவில் ஒரு மெலிந்த பொடியன், கையில் ஒரு பை.

"அத்தான்" என்றான். "அம்மா எங்க?"

மாமி, நான் ஊர் முழுக்க வாய்க்காரன் என்று பெயர் எடுத்தவன். பின்னால் நின்ற அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் சேர்ந்து வீடு வீடாகத் தள்ளிவிட்ட வேலை என் வாசலில் வந்து நின்றது. கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"நீ வருமட்டும் இந்தச் செடியில கை வைக்கப்படாதெண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டா மச்சான்."

அவன் செடியைப் பார்த்தான். பிறகு பையை வைத்துவிட்டு, புவனம் ஓடிவந்து கட்டிக்கொண்டு கதற, அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றான். அவன் அழவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் பேசியது "ஓம்", "இல்ல", "காணும் அக்கா". இவ்வளவுதான். சாப்பிடுவான். வளவைக் கூட்டுவான். இரவில் படுக்கையில் இருக்க மாட்டான், விடிந்து பார்த்தால் வெளியில் சுவரோடு சாய்ந்து கிடப்பான். புவனம் கேட்டுக் களைத்தாள். நான் என் பகிடி அத்தனையையும் இறக்கினேன். ஆமிக்காரன் என் வயிற்றைப் பார்த்து "லஸ்ஸனாய்" சொன்ன கதையையும் சொன்னேன். நானே சிரித்தேன்.

இதற்கிடையில் திட்டத்தின் சங்கத்தார் கூட்டம் போட்டார்கள். வடிகான் எல்லாம் புள்ளியிலையால் அடைத்து, தண்ணீர் தேங்கி, நுளம்பு பெருகிவிட்டது, எல்லாரும் வேரோடு தோண்ட வேண்டும் என்று தீர்மானம். அதை முன்மொழிந்தவன் நான். வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், இத்தனை வருடம் நான் காத்திருந்த நாள் அது. அவன் வந்துவிட்டான், வாக்கு முடிந்தது. அடுத்த ஞாயிறு விடிய மண்வெட்டியோடு வேலியில் இறங்கி, இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுவை இழுத்தேன்.

"அப்பிடி இழுத்தா அறும் அத்தான்."

பின்னால் சுதன். மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கினான். "மேலால இழுக்கப்படாது. கீழால போகணும்." குனிந்து, வேரின் போக்கைப் பார்த்து, பக்கமாக வெட்டி, ஒரு முழத்துக்கு அறாமல் கிளப்பி எடுத்தான். அவ்வளவு துப்புரவு. அவ்வளவு வேகம். அவன் மண் தோண்ட எங்கே பழகினான் என்று நான் கேட்கவில்லை.

கேட்காமலே சொன்னான். மண்ணைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பாராமல். உங்கள் விசளம் அவனிடம் வந்த கதை. தண்ணீருக்குக் குந்தியிருந்த வரிசையில் முன்பின் தெரியாத ஒரு மனுசி, "மட்டக்களப்பார் ஆராவது இரிக்கிறயளா? சுதன் எண்டு ஒரு பிள்ளை? அம்மா சுனாமி வீட்டிலயாம், புள்ளியிலை வேலி வீடாம்" என்று கேட்டுக்கொண்டே போனாவாம். அவன் எழுந்து நிற்கவில்லையாம். எழுந்தால் யார் பார்ப்பார்களோ என்று பயமாம். அவ போன பிறகு "புள்ளியிலை, புள்ளியிலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே தண்ணீரை எடுத்தானாம். அவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தினான். அன்று முழுக்க அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் தோண்டினோம். மறுபடியும் கொஞ்சம் சொன்னான். மற்ற ஆறு நாளும் பழையபடி "ஓம்", "இல்ல". மண்வெட்டி கைக்கு வந்தால்தான் வாய் திறக்கிறது, மாமி. நான் எதிர்ப்பக்கம் குந்தியிருந்து வேரைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறேன். ஒரு பகிடியும் விடுவதில்லை. என்னை இப்படிப் பார்த்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். புவனம் தேத்தண்ணீர் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

நேற்றும் ஞாயிறு. எங்கள் வேலி முழுக்கத் துப்புரவாகிவிட்டது. இந்த வீட்டுக் கிணற்றடி மூலையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மட்டும் செடி மிச்சம். நேற்று அவன் தன் சினேகிதன் ஒருவனைப் பற்றிச் சொன்னான். கல்குடாப் பொடியன். பெயர் சொன்னான், நான் எழுதவில்லை, அவனுக்கும் எங்கோ ஒரு தாய் இருப்பா. இருவரும் ஒரு சாறனைப் போர்த்துக்கொண்டு படுத்தவர்கள். ஒரு நாள் இருவரும் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டி வந்தது. தண்ணீர் கழுத்துமட்டும். அந்த இடத்தில் சுதனின் கை நின்றது.

"மறுகா சொல்லுறன் அத்தான்" என்று எழும்பிப் போய்விட்டான்.

நான் மூலையைப் பார்த்தேன். அரை மணித்தியால வேலை. அடுத்த ஞாயிறு பாதி நேரத்திலேயே முடிந்துவிடும். அந்த ஆற்றுக்கு அங்கால் எத்தனை ஞாயிறு கிடக்கிறதோ எனக்குத் தெரியாது.

அதனால் ஒரு வேலை செய்தேன். சாக்கைத் திறந்து, நல்ல கணுவாகப் பார்த்து நாலைந்து துண்டு எடுத்தேன். துப்புரவாக்கிய வேலியோரம் போய், அவன் கொத்திப் பதப்படுத்திவிட்ட மண்ணுக்குள் ஒவ்வொன்றாகத் தாட்டேன். காலால் மிதித்தேன். இரண்டு செம்பு தண்ணீரும் ஊற்றினேன். உங்கள் செடிக்கு நான் தண்ணீர் ஊற்றியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவன் வருமட்டும் கை வைக்கப்படாது என்றீர்கள். அவன் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறான், மாமி. ஞாயிறுக்கு ஞாயிறு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறான். அவன் சொல்ல இருப்பதெல்லாம் சொல்லி முடியுமட்டும் இந்த வேலி துப்புரவாகாது. அவன் தோண்டுவான், நான் நடுவேன். சங்கத்தார் வந்து கேட்டால் பொய் சொல்லுவேன், அது எனக்குக் கைவந்தது. கடைசி வேர் கிளம்புகிற ஞாயிறு அவன் கண்ணை நிமிர்த்தி என்னைப் பார்த்துப் பேசுகிற ஞாயிறாக இருக்கும். அதுவரை நான் எதிரில் குந்தியிருப்பேன். வாயால் சொல்லச் சொல்வீர்கள் என்று தெரியும். சொல்லுகிறேன்: இருப்பேன்.

உங்கள் புவனத்தின் புருசன், உங்கள் சுதனுக்கு அத்தான்,
நீங்கள் எடுத்த
மருமகன்